ஏரிக்கரை டெலிபோனைத் துண்டிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலையில் உங்கள் நாளிதழைப் பிரித்ததும் நான் முதலில் பார்ப்பது ஏரிகளின் நீர்மட்டம் போடும் அந்தச் சின்னக் கட்டத்தைத்தான். பூண்டி 35 அடி, செம்பரம்பாக்கம் 24 அடி என்று முழு அளவுகள் எனக்கு மனப்பாடம். பக்கத்தில் இன்றைய இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்தவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்தக் கட்டத்தின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாதிரி எண்களைத் தரும் கருவிகளை மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் 36 வருடம் என் வேலை. தரமணியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு 1984-ல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். 2020-ல் ஓய்வு பெற்றேன். ஏரி, கண்காணிப்புக் கிணறு, மழைமானி என்று சென்னையைச் சுற்றி நான் ஏணி வைத்து ஏறாத இடம் குறைவு. இது கொஞ்சம் நீளமான கடிதம். இடம் கொடுத்து வெளியிட வேண்டுகிறேன்.

காரணம் ஒரு டெலிபோன் எண். சென்னைக்கு வெளியே ஒரு ஏரியின் கரையில், மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய அறையில், 2001-ல் நான் ஒரு மோடத்தை மாட்டினேன். ஓய்வு பெற்ற பிறகும் வருடத்துக்கு ஒரு தடவை, மழை தொடங்குவதற்கு முன்னால், அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். ஆறாவது மணியில் மோடம் எடுக்கும், கீச்சென்று கத்தும். இருக்கிறது என்று தெரிந்ததும் வைத்துவிடுவேன். இந்த வருடம் கூப்பிட்டபோது, நீங்கள் டயல் செய்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுசெய்த குரல் வந்தது. தப்பாகப் போட்டேனோ என்று இன்னொரு தடவையும் போட்டேன். அதே குரல்தான்.

விசாரித்ததில் இணைப்பைச் சரண்டர் செய்துவிட்டார்கள் என்று தெரிந்தது. சிம் போட்ட புதுக் கருவி அங்கே வேலை செய்கிறது, அப்புறம் இந்தப் பழைய லைனுக்கு மாத வாடகை எதற்கு என்று யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள். எந்த ஏரி, எந்த அலுவலகம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அங்கே வேலை செய்பவர்கள் நல்ல மனிதர்கள், பலர் எனக்குத் தெரிந்தவர்கள். ஆனால் இதே கணக்கை மற்ற ஏரிகளிலும் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அந்த அறையில் என்ன இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் ஒரு சென்சார். அதன் கேபிள் அறைக்குள் ஒரு டேட்டா லாகருக்கு வரும். லாகர் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நீர்மட்டத்தை எடுத்துத் தன் நினைவில் எழுதிக்கொள்ளும். மோடம் இல்லையென்றால் அந்த எண்களை எடுக்க யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போக வேண்டும். மோடம் இருந்தால் அம்பத்தூரிலிருந்தே போன் போட்டு வாங்கிக்கொள்ளலாம். எண்களைச் சத்தமாக மாற்றி டெலிபோன் கம்பியில் அனுப்புவது, வருகிற சத்தத்தைத் திரும்ப எண்களாக மாற்றுவது, மோடத்தின் வேலை இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்கிறேன், ஆனால் அதை ஒழுங்காகப் பேச வைக்க நான் அந்தக் கரைக்கு மூன்று தடவை போனேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய சாதாரண மோடம்தான் அது. அலுவலக மேஜையில் கம்ப்யூட்டரோடு இணைத்தால் உடனே பேசியது. கரையில் லாகரோடு இணைத்தபோது பேச மறுத்தது. லாகருக்கு நான் போட்ட கேபிளில் மூன்றே கம்பி. அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, பொதுவாக ஒன்று. கம்ப்யூட்டராக இருந்தால் நான் தயாராக இருக்கிறேன் என்று மோடத்துக்குச் சொல்ல இன்னொரு கம்பி இருக்கும். அந்தச் சைகை வராததால், எதிரில் யாரும் இல்லை என்று நினைத்து மோடம் போனை எடுக்கவே இல்லை. ஏடி&டி0 என்று ஒரு கட்டளை கொடுத்தேன். அந்தச் சைகைக்காகக் காத்திருக்காதே என்று அதற்குப் பொருள். முதல் நாள் அதோடு சரியாகிவிட்டது என்று நம்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அங்கிருந்த லஸ்கர் போன் செய்தார். மதகு திறப்பதும் மூடுவதும், கரையைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. என்னைவிட இருபது வயது பெரியவர். "அம்மா, ராத்திரி பொட்டி கத்துச்சு. அப்புறம் கம்முனு ஆயிடுச்சு. இப்ப கூப்பிட்டாலும் கத்துது, ஆனா வெளக்கு மாறவே இல்ல" என்றார். அவர் சொன்னது சரியான விவரம். மோடம் போனை எடுக்கிறது, ஆனால் லாகர் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை போய்க் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்து கண்டுபிடித்தேன். வெளியிலிருந்து போன் வரும்போது மோடம் தன் பக்கம் இருக்கும் கருவிக்கு 'மணி அடிக்கிறது', 'இணைந்துவிட்டது' என்று எழுத்தில் செய்தி அனுப்பும். கம்ப்யூட்டர் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும். லாகர் அப்படி இல்லை. தனக்கு வரும் ஒவ்வொரு எழுத்தையும் கட்டளை என்றே அது எடுத்துக்கொள்ளும். மணி அடிக்கிறது என்ற செய்தியை ஏதோ கட்டளை என்று நினைத்து, தப்பான கட்டளை என்று அது பதில் எழுத, அந்தப் பதிலை மோடம் திருப்பி எதிரொலிக்க, இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று குழப்பிக்கொண்டிருந்தன. ஏடிஈ0கியூ1 என்று போட்டேன். எதிரொலிக்காதே, செய்தி சொல்லாதே என்று பொருள். அதற்குப் பிறகு மோடம் வாய் திறக்காமல் வழி மட்டும் விட்டது, லாகர் தெளிவாகப் பேசியது.

அன்று மாலையே கரண்ட் போய் வந்தது. மோடம் மறுபடி பேச மறுத்தது. கொடுத்த அமைப்பை நிரந்தரமாக எழுதி வைக்க ஏடி&டபிள்யூ என்று கடைசியில் ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். நான் கொடுத்திருந்தேன். ஆனால் என் லேப்டாப்பை ஒரு வேகத்திலும் லாகரை இன்னொரு வேகத்திலும் வைத்துக் கொடுத்திருந்தேன். மோடம் எந்த வேகத்தில் கட்டளை வாங்கியதோ அந்த வேகத்தையே பிடித்துக்கொண்டு விழித்தது. மூன்றாவது பயணம் இதற்காக. இதை இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த வேலையை மேஜையில் சோதித்துப் பார்த்து முடித்துவிட முடியாது. கரண்டை நிறுத்திப் போட்டு, வேறு ஊரிலிருந்து கூப்பிட்டு, ராத்திரியிலும் மழையிலும் கூப்பிட்டுப் பார்த்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

அந்த அறையில் இருந்தது ஒரே லைன். லஸ்கரின் போனும் அதில்தான், மோடமும் அதில்தான். முதல் மணியிலேயே மோடம் எடுத்துவிட்டால் அவர் யாரோடும் பேச முடியாது. அதனால் ஏடிஎஸ்0=6 என்று வைத்தேன். முதல் ஐந்து மணிக்குள் அவர் எடுத்தால் பேச்சு. எடுக்காவிட்டால் ஆறாவது மணியில் மோடம். மாதம் ஒரு தடவை அவரோடு பேசிவிட்டு, "அண்ணா, வெச்சிடுங்க, இப்ப பொட்டியக் கூப்பிடறேன்" என்பேன். அவரும் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார்.

அடுத்த பிரச்சினை மழை. கரைக்கு வரும் டெலிபோன் கேபிளின் ஜாயின்ட்டில் ஈரம் இறங்கினால் லைனில் கரகரவென்று சத்தம் வரும். மனிதக் காது அதைத் தள்ளிவிட்டுப் பேச்சைப் பிடித்துக்கொள்ளும். மோடத்தால் முடியாது, வேகம் கூடக்கூட இன்னும் முடியாது. ஆரம்பத்தில் நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் வைத்திருந்தேன், மழை நாளில் நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை கிடைக்கும். லைன்மேன்தான் யோசனை சொன்னார்: "அவ்வளவு அவசரமா என்ன மேடம் அனுப்பப் போறீங்க?" உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 96 வரி. வரிக்கு 30 எழுத்து வைத்தால் 2,880 எழுத்து. நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் நொடிக்கு 120 எழுத்து போகும். ஒரு நாள் முழுவதன் கணக்கும் 24 நொடியில் வந்துவிடுகிறது. லாகரையும் மோடத்தையும் 1,200-க்கு இறக்கினேன். அதன் பிறகு மழையிலும் லைன் நின்றது.

மின்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏரிக்கரையில் உயரமான பொருள் என்று இருப்பது அந்த அறையும் ஒரு டெலிபோன் கம்பமும்தான். இரண்டாவது வருடம் ஐப்பசி இடியில் மோடம் கருகிப்போனது. அதன் பிறகு லைன் உள்ளே நுழையும் இடத்தில் மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் போட்டு, வெளியே குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி எர்த் இறக்கினோம். கோடையில் அந்தக் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். லஸ்கர் தன் மல்லிகைச் செடிக்கு ஊற்றும்போது அதற்கும் ஊற்றிவிடுவார். அப்போதே மோடத்தையும் மாற்றிவிட்டேன். மணி அடித்தால் மட்டும் விழித்துக்கொள்ளும், 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் தொழிற்சாலை ரகம். பேசும்போதுகூட அதற்கு முப்பது மில்லி ஆம்பியருக்கு மேல் தேவைப்படாது. மழைமானி, மட்டக்கருவி எதுவானாலும் குறைந்த கரண்டில் பல நாள் உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

சிம் கார்டு போட்ட மோடம் வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. இதே கரையில் 2009-ல் அதை மாட்டியதும் நான்தான். கம்பி இல்லாத இடத்திலும் போடலாம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகவே அனுப்பும். இன்று அந்த எண்கள் வரைபடமாகக் கைப்பேசியிலேயே வந்து நிற்கின்றன. மாநிலம் முழுக்க 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் அமைக்கும் திட்டத்தை அரசு எடுத்திருக்கிறது. இத்தனை இடங்களுக்கும் டெலிபோன் கம்பி இழுப்பது நடக்கிற காரியம் இல்லை. எனக்கு அதில் எந்த மறுப்பும் கிடையாது.

ஆனால் சிம் மோடத்தின் பலவீனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும், அதுவும் பெருமழை நாளில். அனுப்பும் நொடியில் அது இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரிக்கு வயதாகியிருந்தால் அந்த இழுப்பில் வோல்டேஜ் சரிந்து மோடம் அணைந்துவிடும். மறுபடி முயற்சி செய்யும், மறுபடி அணையும். நாலைந்து நாள் வெயில் இல்லாமல் மழை பெய்தால் சோலார் பேனலிலிருந்து சார்ஜ் ஏறாது. அதே நாட்களில்தான் டவருக்குக் கரண்ட் போகும், அங்கே ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டு போகவும் வழி இருக்காது. லாகருக்குச் சில மில்லி ஆம்பியர் போதும் என்பதால் அது உயிரோடு இருந்து ஒழுங்காக எழுதிக்கொண்டே இருக்கும். யாருக்கும் சொல்ல மட்டும் முடியாது.

இன்னொன்று, அதை நாம் கூப்பிட முடியாது. டேட்டா சிம்முக்கு வெளியிலிருந்து எட்டும்படியான நிலையான இணைய முகவரி பொதுவாகக் கொடுப்பதில்லை. அதுவாக நம்மைக் கூப்பிட்டால்தான் உண்டு. கம்பி மோடம் அப்படி இல்லை. சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே போன் போட்டு, இப்போது எவ்வளவு என்று கேட்கலாம். சிம் கருவி பேசாமல் போனால் திரையில் என்ன தெரியும் தெரியுமா? கடைசியாக அனுப்பிய எண். மாலை ஐந்து மணி எண் இரவு பத்து மணிக்கும் அப்படியே நிற்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நேரத்தைப் பார்க்காதவர்களுக்கு ஏரி அமைதியாக இருப்பதாகவே தோன்றும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஒரு நாள் மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள், அடையாற்றங்கரையில் என்ன ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது அதைவிட மிகச் சிறிய ஏரி. வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. அந்த ஏரியின் சிம் கருவியிலிருந்து எனக்குக் கடைசி எஸ்எம்எஸ் வந்தது மாலை 5.15-க்கு. வீட்டு லேண்ட்லைனை எடுத்துப் பார்த்தேன், டயல் டோன் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பியிலேயே வருவதால் நம் வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் வேலை செய்யும்.

அலமாரியிலிருந்து பழைய லேப்டாப்பை எடுத்தேன். பக்கவாட்டில் டெலிபோன் ஒயர் செருகும் துளை உள்ள ரகம். பேட்டரி அரை மணி தாங்கினால் அதிகம். என் மகள் டார்ச் பிடித்துக்கொண்டாள். இரண்டு தடவை கூப்பிட்டும் இணையவில்லை. மூன்றாவது தடவை ஆறாவது மணியில் எடுத்தது. கத்தியது. இணைந்தது. வரி வரியாக எண்கள் வந்தன. இரவு 8 மணிக்கு 3.12 மீட்டர். 9 மணிக்கு 3.31. 9.45-க்கு 3.49. அந்த ஏரியின் கலங்கல், அதாவது ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம், 3.60 மீட்டரில். முக்கால் மணி நேரத்தில் 18 செ.மீ. ஏறியிருக்கிறது, இன்னும் இருப்பது 11 செ.மீ. அரை மணி நேரம்கூட இல்லை.

இணைப்பைத் துண்டித்துவிட்டு அதே எண்ணுக்கு மறுபடி போட்டேன். இரண்டாவது மணியில் லஸ்கர் எடுத்தார். பழையவர் ஓய்வு பெற்றுப் போய், இவர் அவர் இடத்துக்கு வந்தவர். எண்ணைச் சொன்னேன். "இருட்டுல கேஜ் பலகை தெரியலம்மா, டார்ச் அடிச்சாலும் மழைதான் தெரியுது. எவ்ளோ ஏறுதுன்னு தெரியாமத்தான் நின்னுட்டிருக்கேன். இப்பவே போறேன்" என்றார். கலங்கலுக்குக் கீழே ஓடையோரம் ஒரு தெரு உண்டு. அங்கே வீடு வீடாகத் தட்டி எழுப்பிப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு அனுப்பியது அவரும் அந்தத் தெருப் பையன்களும்தான். நான் செய்தது எண்ணைச் சொன்னது மட்டுமே. ஆனால் அந்த எண் அவருக்கு அப்போது வேறு எந்த வழியிலும் கிடைத்திருக்காது.

கம்பி என்றால் எப்போதும் கை கொடுக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த வருடம் டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது கம்பத்திலிருந்து அறைக்கு வரும் டிராப் வயர் மேல் வேப்பமரம் விழுந்து அறுந்தது. அன்று சிம்மும் இல்லை, கம்பியும் இல்லை. மூன்றாம் நாள் பாதையில் கிடந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி நேரில் போய்த்தான் எண்களை இறக்கினேன். அதன் பிறகு அந்தக் கடைசி முப்பது அடியைக் குழாய்க்குள் விட்டுப் பூமிக்கு அடியில் புதைத்தோம். அது நல்ல பாடம். ஒரே வழியை நம்பாமல் இரண்டு வழி வைத்திருந்தும் அப்படி ஆகலாம் என்றால், இருந்த இரண்டில் ஒன்றை நாமே எடுத்துவிடுவது எப்படிச் சரியாகும்?

பொறுப்பில் இருக்கும் இளைஞர் ஒருவரிடம் போனில் பேசினேன். மரியாதையாகப் பேசினார். செம்புக் கம்பியைப் பல இடங்களில் எடுத்துவிட்டு ஃபைபர் போடுகிறார்களே, இனி அந்த மோடம் எப்படி வேலை செய்யும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஃபைபரில் குரலைத் துண்டு துண்டாக்கி அனுப்புகிறார்கள். நடுவில் ஒரு சின்னத் துண்டு விட்டுப்போனால் நம் காதுக்குத் தெரியாது, மோடம் அறுந்துவிடும். சுவரில் மாட்டும் ஃபைபர் பெட்டிக்கு அங்கேயே கரண்டும் வேண்டும், எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் வராது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஃபைபருக்கு மாறிய இரண்டு இடங்களில் முயன்று பார்த்தேன். ஒன்றில் வேகத்தைக் குறைத்ததும் ஓடியது, இன்னொன்றில் என்ன செய்தும் ஓடவில்லை. ஆகவே செம்புக் கம்பி இருக்கும் கரைகளில் அதை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். போய்விட்ட இடங்களில் இரண்டு வேறு கம்பெனிகளின் சிம் போடுங்கள், டேட்டா போகாவிட்டால் நீர்மட்டத்தை மட்டும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும்படி வையுங்கள், முடிந்தால் முக்கிய ஏரிகளிலாவது செயற்கைக்கோள் வழியும் இருக்கட்டும். வானிலை ஆய்வுத் துறை தன் தானியங்கி நிலையங்களுக்கு இன்சாட் வழியைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறது. நமக்குப் புதிய விஷயம் இல்லை.

எந்த வழியாக இருந்தாலும் மாதம் ஒரு தடவை யாராவது அதைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். திரையில் பச்சை விளக்கு எரிகிறது என்பது சோதனை ஆகாது. முதல் வழியை வேண்டுமென்றே அணைத்துவிட்டு இரண்டாவது பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியைச் சோலாரிலிருந்து கழற்றிவிட்டு இரண்டு நாள் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மழைமானியின் புனலில் குளவி கூடு கட்டியிருக்கிறதா, டெர்மினலில் எறும்பு ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். பெட்டியின் மூடிக்கு உட்புறம், எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம், யாரைக் கூப்பிட வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி ஒட்டினால் லஸ்கரே பார்த்துவிடுவார். நான் மாட்டிய எல்லாப் பெட்டியிலும் அப்படி ஒட்டியிருந்தேன். புதுப் பெட்டிகளில் நான் பார்த்தவரை ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர்தான் இருக்கிறது.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ஏரிகளின் நீர்மட்டக் கட்டத்தில் ஒவ்வொரு ஏரிக்கும் பக்கத்தில் அந்த அளவு எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஒரு வரி போடுங்கள். வெயில் காலத்தில் அது பெரிய வித்தியாசம் இல்லை. கார்த்திகையில் காலை ஆறு மணி அளவுக்கும் எட்டு மணி அளவுக்கும் நடுவில் எவ்வளவோ நடந்துவிடும். நேரம் அச்சில் வரும் என்று தெரிந்தால் எண் அனுப்புகிறவர்களும் நேரத்தைப் பார்த்து அனுப்புவார்கள்.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரம் தொடங்கும். சரண்டர் செய்த இணைப்பைத் திரும்ப வாங்க விண்ணப்பம், லைன்மேன் வருகை என்று எப்படியும் சில வாரம் ஆகும், ஆகவே இப்போதே எழுதிக் கொடுத்தால்தான் மழைக்கு முன் கிடைக்கும். அந்தக் கரையிலிருந்து கழற்றிய மோடத்தை ஓரமாக வைத்திருப்பதாக அந்த இளைஞர் சொன்னார். மூன்று கம்பிக் கேபிள் என்னிடம் இருக்கிறது. பழைய அமைப்புகள் எழுதிய நோட்டும் இருக்கிறது. யாராவது ஒருவர் வண்டியில் அழைத்துப் போனால் அரை நாளில் மாட்டிக் கொடுத்துவிட்டு, இப்போது அங்கே இருக்கும் லஸ்கருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறேன். பணம் எதுவும் வேண்டாம். எண் மட்டும் பழைய எண்ணாகவே கிடைத்தால் நல்லது, அந்தத் தெருவில் சிலர் அதை இன்னும் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவி டெக்னீஷியன்,
வில்லிவாக்கம், சென்னை – 49